தொண்டு நிறுவனத் தலைவரின் சம்பளத்தைப் பொதுவில் வெளியிட வேண்டுமா? அது அவருடைய தனிப்பட்ட விஷயம் இல்லையா?

வெளியிட வேண்டும் என்பதே என் பதில். ஆனால் தொகையை மட்டும் அச்சிட்டுவிட்டு, அதை நிர்ணயித்தவர்கள் யார், அவர்களுக்கும் சம்பளம் வாங்குபவருக்கும் என்ன உறவு என்பதைச் சொல்லாமல் விட்டால் அதனால் பெரிய பயன் இல்லை. தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அலுவலகம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தனிப்பட்ட விஷயம் என்ற வாதம் தனியார் நிறுவனத்துக்குப் பொருந்தலாம். அங்கே ஒருவருக்கு அதிகமாகக் கொடுத்தால் நஷ்டம் முதலாளிக்கு, அவரே பார்த்துக்கொள்வார். தொண்டு நிறுவனத்துக்கு அப்படி முதலாளி என்று யாரும் இல்லை. நன்கொடை கொடுத்தவர் கொடுத்த கையோடு விலகிவிடுகிறார், பயன் பெறுபவர் கேள்வி கேட்கும் நிலையில் இருப்பதில்லை, வரிவிலக்கின் வழியாகத் தங்களுக்கே தெரியாமல் ஒரு பங்கைச் சுமக்கும் பொதுமக்களுக்கோ நிர்வாகக் குழுவில் இடமில்லை. கண்காணிக்க வேறு ஆளில்லாத இடத்தில் கணக்கைத் திறந்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதை விரிவாகச் செய்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே வரிவிலக்குப் பெற்ற நிறுவனங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவம் 990, கேட்பவர் யாராக இருந்தாலும் காட்டப்பட வேண்டிய ஆவணம். அதன் ஏழாம் பகுதியில் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவரின் பெயரும், சம்பளமே வாங்காதவர்கள் உட்பட, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்ற விவரத்தோடு இடம்பெற வேண்டும்; அதிகச் சம்பளம் வாங்கும் ஐந்து ஊழியர்களையும், அவர்கள் பெறுவது 1,00,000 டாலரைத் தாண்டினால், பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் முறை வேறு. அங்கே அறங்காவலர்கள் பொதுவாக ஊதியமின்றியே பணியாற்றுகிறார்கள். பெரிய அறநிறுவனங்கள் 60,000 பவுண்டுக்கு மேல் வாங்கும் ஊழியர்கள் எத்தனை பேர் என்பதை, 10,000 பவுண்டுக்கு ஒரு படிநிலையாகப் பிரித்து, பெயரில்லாமல் ஆண்டறிக்கையில் தருகின்றன. தலைமை நிர்வாகிக்கு அமெரிக்க முறையும் மற்ற ஊழியர்களுக்கு இங்கிலாந்து முறையும் பொருத்தம் என்பது என் கருத்து. களப்பணியாளரின் சம்பளத்தை ஊருக்கெல்லாம் தெரியப்படுத்துவதால் யாருக்கும் நன்மை இல்லை.

நிர்ணயித்தவர் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். தொண்டுப் பணிகளுக்கு நிதி திரட்டும் அமெரிக்காவின் யுனைடெட் வே அமைப்பின் தலைவராக இருந்த வில்லியம் அரமோனி, ஆடம்பரச் செலவுகள் அம்பலமானதால் 1992-இல் பதவி விலகினார். 1995-இல் மோசடிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். 1996-இல் அங்கே வந்த சட்டம், நியாயமான அளவுக்கு மேல் பலன் பெற்ற நிர்வாகியே அந்த மிகைத் தொகைக்கு 25 சதவீத வரி கட்ட வேண்டும் என்றும், உரிய காலத்தில் அதைத் திருப்பித் தராவிட்டால் கூடுதலாக 200 சதவீத வரி சேரும் என்றும் சொல்கிறது. சம்பளம் வாங்குபவரோடு தொடர்பில்லாத குழு உறுப்பினர்கள் சம்பளத்தை முடிவு செய்து, ஒத்த நிறுவனங்களில் என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்து, காரணத்தை அப்போதே எழுதி வைத்திருந்தால், அந்தச் சம்பளம் நியாயமானது என்ற அனுமானத்தோடுதான் வரித்துறை விசாரணையைத் தொடங்கும். எந்த நாட்டு நிறுவனமும் சட்டம் சொல்லும்வரை காத்திராமல் பின்பற்றக்கூடிய நடைமுறை இது.

சம்பளப் பத்தியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். அந்த நிறுவனத்தின் செயலாளருக்குச் சம்பளமும் இல்லை, மதிப்பூதியமும் இல்லை. ஆண்டறிக்கையில் "ஊதியமற்ற சேவை" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். செலவுப் பக்கத்தில் கட்டட வாடகையும் வாகன வாடகையும் மட்டும் உறுத்தின. ஒப்பந்தங்களை வரவழைத்துப் பார்த்தபோது கட்டடம் அவருடைய மனைவியின் பெயரிலும், வண்டிகள் மகனுடைய பெயரிலும் இருந்தன. உறவினரிடம் வாடகைக்கு எடுப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. சந்தை வாடகைக்கு எடுத்திருந்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் அது சந்தை வாடகைதான் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூடக் கோப்பில் இல்லை. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால், அந்த வாடகையை ஏற்ற தீர்மானத்தில் முதல் கையெழுத்தே செயலாளருடையது.

படிவம் 990-இல் இதற்கென்றே அட்டவணை எல் இருக்கிறது. நிர்வாகிகளோடும் அவர்களுடைய குடும்பத்தாரோடும் குறிப்பிட்ட அளவைத் தாண்டி நடந்த கொடுக்கல் வாங்கலை அதில் காட்ட வேண்டும். இந்தியாவின் வருமான வரிச் சட்டமும் நிறுவனர், அறங்காவலர், அவர்களின் உறவினர் ஆகியோருக்குப் போகும் பலனைக் கண்காணிக்கிறது. ஆனால் அறக்கட்டளை வரித்துறைக்குத் தரும் கணக்கைப் பொதுமக்கள் புரட்டிப் பார்க்க வழியில்லை. நிறுவனச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்கீழ் லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவான அமைப்பாக இருந்தால், அது பதிவாளரிடம் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். அரசிடமிருந்து கணிசமாக நிதி பெறும் தொண்டு நிறுவனங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மற்றவை தாமாக வெளியிட்டால்தான் உண்டு.

நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று கேட்பவர்களே அதிகம். அந்த ஒரு எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. தலைமை நிர்வாகியின் சம்பளத்தில் முக்கால் பங்கைத் திட்டச் செலவில் எழுதுவதா, கால் பங்கை எழுதுவதா என்பது பெரும்பாலும் அலுவலகத்துக்குள் எடுக்கப்படும் முடிவு. தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் கைடுஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் முதலிய மூன்று அமைப்புகள் 2013-இல் நன்கொடையாளர்களுக்குக் கூட்டாகக் கடிதம் எழுதி, இந்த விகிதத்தை மட்டும் வைத்து எடை போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. விகிதத்தைக் குறைத்துக் காட்டும் அவசரத்தில் கணக்கு எழுதவே ஆள் வைக்காமல் இருப்பார்கள். பிறகு எந்த எண்ணை நம்புவது?

சம்பளம் வெளியே தெரிந்தால் மற்ற நிறுவனத் தலைவர்களும் அதைக் காட்டி உயர்வு கேட்பார்கள் என்ற மறுப்பில் உண்மை உண்டு. சிறிய அமைப்புகளுக்கு இது கூடுதல் சுமை என்பதும் சரியே. அமெரிக்காவிலும் ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் அமைப்பு மின் அஞ்சலட்டை எனப்படும் ஒரு சிறிய இணையப் படிவத்தோடு முடித்துக்கொள்ளலாம். திறமையான ஒருவருக்கு நல்ல சம்பளம் கொடுப்பதைக் குற்றமாகப் பார்க்கும் மனநிலைதான் இவற்றைவிடப் பெரிய சிக்கல். வாடகை என்ற பெயரில் பணம் சுற்றிப் போவதற்கு அந்த மனநிலையும் ஒரு காரணம்.

நன்கொடை கொடுக்கும் முன் நான் கேட்பவை மூன்று தாள்கள்: தணிக்கை செய்யப்பட்ட கணக்கு அதன் குறிப்புகளோடு, நிர்வாகக் குழுவினரின் பெயர்ப் பட்டியல் அவர்களுக்கிடையே உள்ள உறவு விவரத்தோடு, தலைவரின் சம்பளத்தை முடிவு செய்த தீர்மானத்தின் நகல். அமெரிக்காவில் எழுத்து மூலம் கேட்டால் 30 நாளுக்குள் படிவத்தின் நகலை அனுப்பியாக வேண்டும். அப்படிக் கட்டாயம் இல்லாத இடங்களிலும் அதே 30 நாளை நான் கெடுவாக வைத்துக்கொள்கிறேன். அதற்குள் வராத நிறுவனத்துக்குக் காசோலை எழுதுவதில்லை.