செத்த தேனீ கிடக்கவில்லை என்றாலும் மருந்தைச் சந்தேகியுங்கள்

கம்பத்தில் குடியிருந்துகொண்டு வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "இலைப்பேனுக்கு மருந்து அடித்தோம். பெட்டி வாசலில் செத்த தேனீ ஒன்றுகூட இல்லை, ஆனால் கூட்டம் நாளுக்கு நாள் குறைகிறது. மருந்துதான் காரணமா?"

முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். புழுக்கள் பை மாதிரி வீங்கிச் செத்திருந்தால் அது வைரஸ் நோய், அது வேறு விஷயம். ராணியும் புழுவும் நன்றாக இருந்து, வெளியே போய்வரும் தேனீ மட்டும் குறைகிறது என்றால் எனக்கு மருந்தின் மேல்தான் சந்தேகம். வழி தெரியாமல் எங்கேயோ விழுந்து சாகின்றன, அதனால்தான் வாசலில் எதுவும் கிடக்கவில்லை.

தேனீ மூளையில் மொத்தமே சுமார் 10 லட்சம் நரம்பணுக்கள். உணர்கொம்பில் படும் வாசனையும் கண்ணில் படும் நிறமும் தனித்தனிப் பாதையில் வந்து, காளான் வடிவப் பகுதி ஒன்றில் சேர்கின்றன. இந்த வாசனை, இந்த நிறம், இங்கே தேன் உண்டு என்று சேர்ந்து பதிவது அங்கேதான். திசைக்கு நடு மூளையில் இன்னொரு பகுதி, அது சூரியனையும் வானத்து ஒளியையும் பார்த்து வேலை செய்கிறது. ஆனால் நம் மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் வானம் கைகொடுக்காது, மரத்தையும் பாறையையும் பார்த்த ஞாபகம்தான் கூடு சேர்க்க வேண்டும். இந்த நரம்பணுக்கள் சேதி கடத்தும் முக்கிய ரசாயனம் அசிட்டைல்கோலின். இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம் போன்ற ஊடுருவிப் பாயும் பூச்சிமருந்துகள் நேராக அந்த ரசாயனம் ஒட்டும் இடத்திலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கண்ணும் கொம்பும் சரியாக இருந்தும் சேதி சேராது. 2012இல் பிரான்சில் தேனீ முதுகில் நுண்சில்லு ஒட்டி, சாகாத அளவுக்குத் தயாமீதாக்சாம் கொடுத்து விட்டுப் பார்த்தார்கள். கூடு திரும்பாதவை கூடின, பழகாத இடத்தில் விட்டபோது இன்னும் மோசம்.

சரி, என்ன செய்யலாம்? மாலையில் அடித்தால் போதும் என்பார்கள். மேலே பட்டுக் கொல்லும் மருந்துக்கு அது ஓரளவு சரி, ஊடுருவிப் பாயும் மருந்துக்குச் சரியில்லை. அது சாற்றோடு ஏறி, அடுத்தடுத்த நாள் விரியும் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் இருக்கும். பூக்கும் காலத்தில் இவற்றைத் தொடவே தொடாதீர்கள். அடித்தே தீர வேண்டுமென்றால் முந்தின இரவே வாசலை அடைத்து, பெட்டிகளை 2, 3 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வையுங்கள். பத்தடி நகர்த்தினால் பழைய இடத்துக்கே வந்து சுற்றும். தேனீ தன் பெட்டியை அடையாளம் கண்டு சேர, வரிசையாக வைக்கும் பெட்டிகளுக்கு நீலம், மஞ்சள், வெள்ளை என்று மாற்றி மாற்றிப் பெயின்ட் அடியுங்கள், சிவப்பு வேண்டாம், தேனீக்கு அது கறுப்பாகத்தான் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் என்ன மருந்து, எப்போது அடிக்கிறார்கள் என்றும் கேட்டுவையுங்கள், உங்கள் தேனீ அங்கேயும்தான் போகிறது.