13 வருஷ ஜாவா, இப்ப மெஷின் லேர்னிங் பக்கம் போலாமா?

கேள்வி: எனக்கு 38 வயசு சார், 13 வருஷமா ஜாவா பேக்எண்ட்தான், இப்ப டீம் லீட். ஆபீஸ்ல எங்க திரும்பினாலும் ஏஐ பேச்சுதான். மெஷின் லேர்னிங்குக்கு மாறணும்னு ரொம்ப ஆசை, ஆனா படிச்ச கணக்கெல்லாம் மறந்தே போச்சு. ரெண்டரை லட்சம் கட்டி ஒரு கோர்ஸ்ல சேர சொல்றாங்க, வேலைய விட்டுட்டு முழு நேரமா படிச்சாதான் முடியும்னும் சொல்றாங்க. வீட்டு லோன் வேற ஓடிட்டு இருக்கு. என்ன பண்ணலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: வேலைய விடாதீங்க, அந்த ரெண்டரை லட்சத்தையும் கட்டாதீங்க. இத அழுத்தி சொல்லிட்டுதான் மத்ததுக்கு வரேன்.

நானும் 11 வருஷம் பேக்எண்ட்ல, அதாவது ஆப்புக்கு பின்னாடி சர்வர்ல ஓடுற கோடு எழுதற வேலைல இருந்துட்டு இந்தப் பக்கம் வந்தவன்தான். என் முதல் மாடல் (பழைய டேட்டாவப் பாத்து கத்துக்கிட்டு கணிக்கிற புரோகிராம்) ஒரு பார்சல் டெலிவரி கம்பெனிக்கு, எந்த பார்சல் லேட்டாகும்னு புக்கிங் ஆகும்போதே சொல்லணும். பழைய ஆர்டர் டேட்டாவ வச்சு டிரெயின் பண்ணேன், சோதிக்கன்னு தனியா எடுத்து வச்ச டெஸ்ட் டேட்டால 98 சதவீதம் கரெக்ட், மேனேஜர் அன்னிக்கே மேல மெயில் போட்டுட்டார். லைவ்ல விட்டா எந்த பார்சலுமே லேட்டாகாதுன்னு சொல்லுது! ரெண்டு நாள் உக்காந்து ஒவ்வொரு ஃபீல்டா நோண்டுனப்பதான் சிக்குச்சு. அந்த ஆர்டருக்காக கஸ்டமர் கேருக்கு எத்தனை தடவ போன் வந்துச்சுன்னு ஒரு ஃபீல்டு, பார்சல் லேட்டானாதானே ஜனங்க போன் பண்ணுவாங்க, அதனால பழைய ஆர்டர்ல அது ரொம்பி இருக்கு, இப்பதான் புக்கான ஆர்டர்ல எப்பவும் ஜீரோ. மாடல் அந்த ஒரு நம்பரத்தான் புடிச்சு தொங்கிட்டு இருந்துருக்கு. கணிக்கிற நேரத்துல கிடைக்காத தகவல் டிரெயினிங்ல கலந்துடறது, டேட்டா லீக்கேஜ்னு இதுக்கு பேரு.

அத கண்டுபுடிக்க எனக்கு கை கொடுத்தது பேக்எண்ட் அனுபவம்தான், எந்த ஃபீல்டு எப்ப, எந்த சர்வீஸ்லருந்து வந்து விழும்னு தெரிஞ்சிருந்துச்சு. உங்களுக்கும் அது 13 வருஷமா கையில இருக்கு. 2015-ல கூகுள்காரங்க எழுதின ஒரு பேப்பர்ல ஒரு படம் வரும், டேட்டா சேகரிக்கிறது, சரிபாக்குறது, மாடல லைவ்ல சர்வ் பண்றது, கண்காணிக்கிறதுன்னு பெரிய பெரிய கட்டமா இருக்கும், நடுவுல மெஷின் லேர்னிங் கோடுக்கு ஒரு குட்டி கட்டம். சுத்தி இருக்குற கட்டமெல்லாம் உங்க தினசரி வேலைதான், அதனால ஃபிரெஷரா ஆரம்பிக்கிறோம்ங்குற எண்ணத்த மொதல்ல விடுங்க.

கணக்குக்கு நம்ம பன்னெண்டாம் கிளாஸ் புத்தகத்தையே எடுங்க. அணிகள், பகுதி வகைக்கெழு, நிகழ்தகவுப் பரவல், இந்த மூணு பாடத்தையும் தினம் ஒரு மணி நேரம் பேனா பேப்பரோட போட்டு பாருங்க, மூணு மாசத்துல பழைய ஞாபகம் வந்துரும். என்பிடெல்ங்குற ஆன்லைன் பாடத் தளத்துல ஐஐடி மெட்ராஸ் வாத்தியார்ங்க நடத்துற டீப் லேர்னிங் (மெஷின் லேர்னிங்ல ஒரு பிரிவு) பாடம் பாக்க காசே கிடையாது, பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வேணும்னா மட்டும்தான் ஃபீஸ். பைத்தான் உங்களுக்கு ரெண்டு வார வேலை. சைகிட்-லேர்ன்ங்குற பைத்தான் லைப்ரரில, ஆமாவா இல்லையான்னு கணிக்கிற எளிய முறையான லாஜிஸ்டிக் ரிக்ரெஷன்லருந்து ஆரம்பிங்க, எடுத்தவுடனே டீப் லேர்னிங்குக்கான பைடார்ச்ல குதிக்க வேணாம். மாடல வேகமா டிரெயின் பண்ற சிப்பான ஜிபியு வேணும்னா கோலாப், கேகிள்ங்குற வெப்சைட்லயும் இலவசமாவே கொஞ்சம் கிடைக்குது.

நெஜமா கஷ்டமா இருக்கப்போறது வேற ஒண்ணு. நம்ம கோடு சரியான்னு பாக்குற யூனிட் டெஸ்ட்னா பாஸ், இல்ல ஃபெயில், அவ்ளோதான். இங்க மாடல் தப்பு பண்ணிக்கிட்டேதான் இருக்கும், எந்த தப்ப பொறுத்துக்கலாம்னு நீங்கதான் முடிவு பண்ணணும். 100 பார்சல்ல 5 லேட்டாகுதுன்னா, எல்லாமே டைமுக்கு போயிரும்னு கண்ண மூடிட்டு சொல்ற மாடலுக்கும் 95 சதவீதம் வந்துரும், ஆனா அந்த 5 லேட் பார்சல்ல ஒண்ணக் கூட அது புடிக்கல பாருங்க. ப்ரிசிஷன் (மாடல் லேட்டுன்னு சொன்னதுல எத்தனை நெஜமாவே லேட்), ரீகால் (நெஜமா லேட்டானதுல எத்தனைய மாடல் புடிச்சது) ரெண்டும் மனசுல ஏற எனக்கு ஆறு மாசம் ஆச்சு, அவசரப்படாதீங்க.

வெளிய இன்டர்வியூ தேடறதுக்கு முன்னாடி உங்க டீம்லயே ஒரு சின்ன பிரச்சினைய எடுங்க. உதவி கேட்டு வர்ற சப்போர்ட் டிக்கெட் எந்த டீமுக்கு போகணும்னு சொல்ற மாடல் போதும், நல்ல ஆரம்பம் அது, ஏன்னா பழைய டிக்கெட்ல விடை ஏற்கனவே இருக்கு. மேனேஜர்கிட்ட பர்மிஷன் வாங்கி, வாடிக்கையாளர் பேரு நம்பரெல்லாம் எடுத்துட்டு பண்ணுங்க. மொதல்ல மாடலே இல்லாம நாலு இஃப் கண்டிஷன் போட்டு எவ்ளோ கரெக்டா வருதுன்னு குறிச்சு வச்சுக்குங்க, உங்க மாடல் அதத் தாண்டுதான்னு அப்பறம் பாருங்க. டிக்கெட்ட மூடும்போது ஏஜென்ட் எழுதற குறிப்ப மாடலுக்கு குடுத்துராதீங்க, புது டிக்கெட் வர்றப்ப அது இருக்காது, என் கஸ்டமர் கேர் ஃபீல்டு பண்ண அதே வேலைய அது பண்ணிரும்.