பக்கம் இருக்கும் இடம் ஒன்று, ஸ்கிரிப்ட் தேடும் இடம் வேறு

தோவாளை வாசகர் ஒருவரின் கேள்வி: "பூச்சந்தையின் அன்றைய விலையைக் காட்ட பிஎச்பியில் ஒரு பக்கம் எழுதினேன். தளத்தின் மூல அடைவைச் சொல்லும் டாக்குமென்ட்_ரூட்டோடு, ஓடும் ஸ்கிரிப்டின் பெயரைச் சொல்லும் ஸ்கிரிப்ட்_நேமின் அடைவை ஒட்டி விலைக் கோப்பைத் திறக்கிறேன். வீட்டுக் கணினியில் பிச்சி, மல்லி எல்லாம் வரிசையாக வந்தன. வாடகை சர்வரில் ஏற்றினால் கோப்பே இல்லை என்கிறது. ஸ்கிரிப்ட்_நேமை அச்சிட்டால் /சிஜிஐ-பின்/பிஎச்பி-சிஜிஐ என்று வருகிறது. கோப்பை இடம் மாற்றி வைத்துவிட்டேனா?"

இல்லை, கோப்பு அதன் இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் அச்சிட்ட அந்த ஒரு வரியே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. வீட்டில் பிஎச்பி பெரும்பாலும், பக்கங்களை அனுப்பும் சர்வர் நிரலான அப்பாச்சிக்குள்ளேயே மாட்யூலாக ஓடியிருக்கும். வாடகை சர்வரில் அது சிஜிஐயாக, அதாவது அப்பாச்சி வெளியே அழைக்கும் தனி நிரலாக ஓடுகிறது. அப்பாச்சியின் கண்ணுக்கு ஸ்கிரிப்ட் என்பது அந்த பிஎச்பி-சிஜிஐதான். உங்கள் பக்கத்தின் பெயர் பாத்_இன்ஃபோ என்ற மாறியிலும், வட்டில் அது இருக்கும் இடம் பாத்_டிரான்ஸ்லேட்டட் என்ற மாறியிலும் போய்விடும். சிஜிஐ.ஃபிக்ஸ்_பாத்இன்ஃபோ என்ற பிஎச்பி அமைப்பு 1 என்று இருந்தால் பிஎச்பியே இதைச் சரிசெய்துகொள்ளும். இயல்பான மதிப்பும் அதுதான். அமைப்புகளைப் பட்டியலிடும் பிஎச்பிஇன்ஃபோவில் பாருங்கள், அநேகமாக 0 என்று இருக்கும்.

ஆனாலும் அமைப்பை மாற்றச் சொல்லி சர்வர்காரரிடம் நிற்க வேண்டாம். ஸ்கிரிப்ட்_நேம் என்பது இணைய முகவரியின் ஒரு துண்டு. அதை வட்டுப் பாதையாக நம்பியதுதான் பிழை. ஸ்கிரிப்டின் வட்டுப் பாதையைத் தரும் ஸ்கிரிப்ட்_ஃபைல்நேமைப் பிடித்துக்கொள்ளலாமா என்றால், 2004இல் வந்த ஆர்எஃப்சி 3875இல், அதாவது சிஜிஐ 1.1 விவரக்குறிப்பில், அந்தப் பெயரே கிடையாது.

தன் இடத்தைக் கோப்பே சொல்லட்டும். இரட்டை அடிக்கோடு, டிஐஆர், மறுபடி இரட்டை அடிக்கோடு: கோப்பு இருக்கும் அடைவைத் தரும், பிஎச்பி 5.3 முதல் இருக்கும் மாறிலி இது. அதன் பின்னால் ஒரு சாய்கோடும் விலைக் கோப்பின் பெயரும் சேர்த்தால் போதும். விடியற்காலையில், குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கிரான் வழியாக விலையைப் புதுப்பித்தாலும் இது தாக்குப்பிடிக்கும். அங்கே டாக்குமென்ட்_ரூட்டுக்கு மதிப்பே இருக்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த வரி எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறதோ அதன் அடைவுதான் கிடைக்கும். மற்ற கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் கோப்புகளை வைக்கும் இன்க்ளூட் அடைவுக்குள் எழுதினால் அந்த அடைவே வரும்.

அப்புறம், அதே பக்கத்துக்குத் திரும்பும் படிவம் ஏதாவது இருந்தால், எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் அதன் ஆக்‌ஷனிலும் ஸ்கிரிப்ட்_நேமைப் போடாதீர்கள். ஆக்‌ஷனையே எடுத்துவிட்டால் உலாவி அதே முகவரிக்கு அனுப்பிவிடும். முகவரியின் பாதையைத் தரும் பிஎச்பி_செல்ஃபை அப்படியே அச்சிடுவது இன்னும் ஆபத்து. முகவரியின் வாலில் யாரோ ஒட்டிய நிரல் துண்டும் அதோடு சேர்ந்து உங்கள் பக்கத்துக்குள் வந்துவிடும்.