இரண்டாவது முப்பட்டகம் வைத்தும் ஓரத்தில் நிறம் தெரிகிறதா?

வெள்ளை ஒளியை ஒரு முப்பட்டகத்தால் (prism) நிறங்களாகப் பிரித்து, அவற்றை மறுபடி வெள்ளையாக்க இரண்டாவது முப்பட்டகத்தைத் தலைகீழாக வைத்தும், ஏன் வெள்ளையின் ஒரு ஓரம் சிவப்பாகவும் மறு ஓரம் நீலமாகவும் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். கண்ணாடியில் குறையில்லை. இரண்டாவது பட்டகம் நிறங்களை ஒரே திசைக்குத் திருப்புகிறது, அவ்வளவுதான். இரண்டு பட்டகங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் அவை விலகிப்போன தூரம் அப்படியே இருக்கும். நடுவில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் வெள்ளை, ஓரத்தில் துணையில்லாத நிறம்.

ஓரத்து நிறம் குறைய, இரண்டு பட்டகங்களையும் ஒட்டினாற்போல், எதிரெதிர் முகங்கள் இணையாக இருக்கும்படி வையுங்கள். சுத்த வெள்ளைதான் வேண்டுமென்றால் இரண்டாவது பட்டகத்துக்குப் பதில் குவிலென்ஸ் எடுங்கள். முதல் பட்டகத்திலிருந்து குவியத்தூரத்தைப் (இணையாக வரும் ஒளியை லென்ஸ் ஒரு புள்ளியில் குவிக்கும் தூரம்) போல இரண்டு மடங்கு தள்ளி லென்ஸ், அதற்கு அப்பால் அதே தூரத்தில் திரை. நியூட்டன் 1672-இல் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்திலும் லென்ஸ்தான். அப்புறம் திரையை இன்னும் பின்னால் நகர்த்துங்கள்: நிறங்கள் வரிசை மாறி மறுபடி பிரியும். எனக்கு அதுதான் பிடித்த காட்சி.