பழைய வண்டிக்கு டேங்க் கிளீனர் ஊற்றலாமா?

கேள்வி: என்னுடையது இருபது வருடப் பழைய பைக். 4 ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வண்டி. சில மாதங்கள் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. சிக்னலில் நின்றால் ஓடுவதில்லை. மைலேஜும் குறைந்துவிட்டது. டேங்க் நிரப்பும்போதெல்லாம், பெட்ரோலோடு கலந்து உள்ளே படிந்த அழுக்கைக் கரைக்கும் கிளீனர் ஒரு பாட்டில் ஊற்றினால் இன்ஜின் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறார் மெக்கானிக். ஊற்றலாமா? பழைய ரப்பர் பாகங்கள் கெட்டுவிடாதா?

பதில்: ஒரு தடவை ஊற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் ஊற்ற வேண்டாம். அந்த ஒரு தடவைக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் பாட்டிலை மட்டும் கையில் கொடுப்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் பைலட் ஜெட்டில்தான். ஆக்சிலேட்டரைத் திருகாமல் வண்டி சும்மா ஓடும்போது, இன்ஜினுக்குப் பெட்ரோல் போவது கார்புரேட்டருக்குள் இருக்கும் அந்தச் சின்னப் பித்தளைத் துண்டு வழியாகத்தான். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வண்டி நின்றுகொண்டே இருந்தால், கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலில் தங்கிய பெட்ரோலில் லேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும். மிஞ்சியது காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாக மாறும், பிறகு வார்னிஷ் போல இறுகிவிடும். அவ்வளவு சின்னத் துளையில் மெல்லிய படலம் படிந்தாலே போதும், பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகிவிடும். சோக் போடும்போது அந்தக் குறை ஈடாகிறது, அதனால் ஓடுகிறது. எடுத்ததும் நின்றுவிடுகிறது. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உங்களுக்கே தெரியும்: சுத்தமான ஜெட்டில் ஒளி வட்டமான புள்ளியாகத் தெரியும், படலம் பிடித்ததில் அந்த வட்டம் ஒரு பக்கம் நறுக்கியதுபோல இருக்கும், முழுதாக அடைத்திருந்தால் ஒன்றுமே தெரியாது.

கிளீனர் உதவுமா உதவாதா என்பது இந்த மூன்றில் உங்கள் ஜெட் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நறுக்கிய வட்டம் என்றால் உதவும். பெட்ரோல் இன்னும் அந்தத் துளை வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதோடு கிளீனரும் ஓடி, படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டு போகும். முழு அடைப்பு என்றால் பெட்ரோலே அங்கே போகாதபோது அதில் கலந்த மருந்து எப்படிப் போகும்? எத்தனை பாட்டில் ஊற்றினாலும் பயனில்லை. கார்புரேட்டரில் காற்று மட்டும் போய்வரும் நுண்ணிய வழிகளும் உண்டு. அவற்றில் தூசி அடைத்திருந்தாலும் டேங்கில் ஊற்றிய எதுவும் அங்கே எட்டாது.

சரி, முதலில் செய்ய வேண்டிய வேலை என்ன? டேங்கிலும் ஃப்ளோட் பவுலிலும் இருக்கும் பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள். பவுலின் அடியில் அதற்கென்றே ஒரு ஸ்க்ரூ இருக்கும். கெட்டுப்போன பெட்ரோலை எந்த பாட்டிலும் நல்ல பெட்ரோல் ஆக்காது. எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் இன்னொரு சங்கடம்: அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஓரளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். அப்படிப் பிரிந்ததை மறுபடி சேர்த்துவிடும் என்று சொல்லி விற்கும் பாட்டில்களை நம்ப வேண்டாம். வடித்துக் கொட்டுவதுதான் வழி.

வடித்த கையோடு டேங்க் மூடியைத் திறந்து ஒரு டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். தயவுசெய்து தீக்குச்சியோ லைட்டரோ பக்கத்தில் வேண்டாம். உள்ளே செம்மண் நிறத்தில் துரு தெரிந்தால் கிளீனரை மறந்துவிடுங்கள். டேங்கின் சுவரில் துருவும் பிசினும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதைக் கிளீனர் இளக்கிவிடும். இளகியது கீழே இறங்கி, பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயான பெட்ரோல் காக்கின் சல்லடையைத் தாண்டி ஜெட்டுக்குப் போய்ச் சேரும். 'கிளீனர் ஊற்றிய பிறகுதான் வண்டி ஓடவே மறுக்கிறது' என்று வரும் புகார்களில் இந்தக் கதையை அடிக்கடி பார்க்கலாம். அந்த நிலையில் டேங்கைக் கழற்றித் துருவை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி பாட்டிலுக்கு வருவோம். கடையில் அடுக்கியிருப்பவை எல்லாம் ஒரே சரக்கு என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையில் வேலை செய்பவற்றில் பாலிஈதர் அமீன் என்ற பொருள் இருக்கும், சுருக்கமாகப் பி.ஈ.ஏ. என்பார்கள். அதன் மூலக்கூறின் ஒரு முனை படிவத்தைப் பற்றிக்கொள்ளும், மறுமுனை பெட்ரோலில் கரையும். அப்படியே அழுக்கை இழுத்துக்கொண்டு போய் எரிந்துவிடும். சூட்டைத் தாங்கும் என்பதால் பிஸ்டன் தலையில் படிந்த கரியையும் ஓரளவு குறைக்கும். பாலிஐசோபியூட்டிலீன் அமீன் என்ற இன்னொன்று உண்டு. அது பெட்ரோல் உள்ளே வரும் வால்வைச் சுத்தம் செய்யும். ஆனால் எரிப்பறையில் கரி சேர்வதை அதிகமாக்கவும் கூடும். மூன்றாவது ரகம், மண்ணெண்ணெய் மாதிரியான கரைப்பானில் ஏதோ துளி கலந்து, மினுமினுக்கும் லேபிள் ஒட்டி விற்பது.

எது எந்த ரகம் என்று லேபிளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிறதா? பல பாட்டில்களில் முடிவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடித்திருக்கிறது. இன்ஜினுக்குள் ஊற்றும் ரசாயனத்தில் வேலை செய்யும் பொருளின் பெயரும் சதவீதமும் போட வைக்க மட்டும் ஏன் இத்தனை தயக்கம் என்று எனக்குப் புரிவதே இல்லை. 'மேம்பட்ட தொழில்நுட்பம்', 'சக்தி கூடும்' என்று எழுத இடம் இருக்கிறது, உள்ளே இருப்பதன் பெயரை எழுத இடமில்லை. தயாரிப்பாளரின் இணையதளத்தில் 'பாதுகாப்புத் தகவல் தாள்' என்று ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். அதில் பாலிஈதர் அமீன் என்ற பெயர் இருந்தால் வாங்கலாம். பெட்ரோலிய வடிபொருள் மட்டுமே இருந்தால் விட்டுவிடுங்கள். தாளே கிடைக்காவிட்டால் அந்தப் பாட்டில் வேண்டாம்.

அளவுதான் அடுத்த பொறி. பெரும்பாலான பாட்டில்கள் காருக்காகத் தயாரானவை. 300 மி.லி. பாட்டில், 60 லிட்டர் பெட்ரோலுக்கு என்று போட்டிருந்தால், லிட்டருக்கு 5 மி.லி. உங்கள் டேங்கில் 12 லிட்டர் பிடிக்கும் என்றால் தேவை 60 மி.லி. மட்டும். மெக்கானிக் சொன்னபடி முழுப் பாட்டிலையும் கவிழ்த்தால் ஐந்து மடங்கு. அதிகமாக ஊற்றினால் அதிகமாகச் சுத்தமாகும் என்பது கிடையாது. எரியாமல் மிஞ்சியது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயில் நீர்த்துப் போகும். ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றில் அளந்து முதலில் கிளீனரை ஊற்றுங்கள், மேலே பெட்ரோலை நிரப்புங்கள், தானாகக் கலந்துவிடும். டேங்க் பெயின்டில் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், பாலிஷ் போய்விடும்.

ஊற்றிய பிறகு தெருமுனைக்குப் போய்த் திரும்புவது போதாது. இன்ஜின் நன்றாகச் சூடாகி, சீரான வேகத்தில் நீண்ட தூரம் ஓட வேண்டும். கிளீனர் கலந்த பெட்ரோலோடு வண்டியை மறுபடி வாரக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். அந்த டேங்க் தீர்ந்ததும் இன்ஜின் ஆயிலை மாற்றிவிடுங்கள். எப்படியும் ஆயில் மாற்றும் நேரம் நெருங்கும்போது கிளீனரை வைத்துக்கொண்டால் தனிச் செலவு இல்லை.

ரப்பரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சரியான அளவில் ஊற்றும் பி.ஈ.ஏ. கிளீனரால் ஓஸுக்கோ சீலுக்கோ கெடுதல் வராது. பழைய வண்டியின் ரப்பரை உண்மையில் கெடுப்பது வயதும் எத்தனாலும்தான். பெட்ரோல் ஓஸை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தாலோ கட்டையாக இருந்தாலோ மாற்றிவிடுங்கள். ஸ்ப்ரே கேனில் வரும் கார்புரேட்டர் கிளீனர் வேறு. அது கழற்றிய உலோகப் பாகங்களின் மேல் அடிப்பதற்கு. அதை டேங்கில் ஊற்றக் கூடாது, கார்புரேட்டரின் ரப்பர் சவ்வான டயஃப்ரம் மேலும் படக் கூடாது. உப்பிப்போய் மறுபடி உட்காராது.

வேறு சில வித்தைகளையும் உங்களிடம் சொல்வார்கள். நாப்தலீன் உருண்டையைப் போட்டால் இழுவை கூடும் என்பார்கள். பெட்ரோல் ஆவியாகும் இடத்தில் அது படிகமாகி ஜெட்டையே அடைக்கும். மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார்கள். பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனான ஆக்டேன் குறைந்து, இன்ஜினில் தட்டும் சத்தத்தோடு நாக்கிங் வரும், பிஸ்டனுக்கு ஆபத்து. ஆக்டேன் பூஸ்டரும் உங்கள் வண்டிக்குத் தேவையில்லை. குறைந்த கம்ப்ரஷனில் ஓடும் இன்ஜினுக்கு அதனால் ஒரு லாபமும் கிடையாது. ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம் சேர்த்த ரகம் ஸ்பார்க் பிளக்கில் செந்நிறப் படலத்தைப் படியவிடும். அப்புறம், ஊற்றியதும் சைலன்சரில் வரும் புகையைக் காட்டி 'பாருங்கள், உள்ளே இருந்த அழுக்கெல்லாம் வெளியே வருகிறது' என்பார்கள். அளவுக்கு மீறி ஊற்றிய கிளீனர் எரிகிற புகையாகவும் அது இருக்கலாம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு சின்ன ஜெட்டும் பவுல் கேஸ்கெட்டும் கேட்டால் 'இந்த மாடலுக்கு வருவதில்லை சார், முழு கார்புரேட்டராக வாங்குங்கள்' என்ற பதில்தான் கிடைக்கிறது. பொறுமையாக ஒரு மணி நேரம் கழற்றிச் சுத்தம் செய்பவருக்குக் கூலி குறைவு, பாட்டிலை விற்பவருக்குக் கமிஷன் உண்டு. சர்வீஸ் பில்லில் நீங்கள் கேட்காமலேயே 'கிளீனர்' என்று ஒரு வரி ஏறியிருந்தால், அந்த வரியை எடுக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்கும், அதனால் ஈயத்துக்கு மாற்றான மருந்து ஊற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் என்ன செய்வது? உங்கள் வண்டிக்கு இது பொருந்தாது. ஆனாலும் இந்தப் பயத்தைக் காட்டி விற்பவர்கள் அதிகம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். முன்பு பெட்ரோலில் கலந்த ஈயம், வால்வு வந்து உட்காரும் இடத்தில் (வால்வு சீட்) ஒரு மெல்லிய படிவமாகி அதைத் தேயாமல் காத்தது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே தயாரிப்பாளர்கள் கடினமான உலோகத்தில் வால்வு சீட் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். கவலைப்பட வேண்டியது, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை வார்ப்பிரும்பில் செய்து, அதிலேயே சீட்டைக் கடைந்து வைத்த மிகப் பழைய இன்ஜின்கள்தான். அவையும் மெதுவாக ஓட்டினால் பெரிதாகத் தேய்வதில்லை. நீண்ட நேரம் வேகமாக, பாரத்தோடு ஓட்டினால்தான் தேயும். உங்களிடமோ நண்பரிடமோ அப்படி ஒரு வண்டி இருந்தால், பாட்டில் வாங்கும் முன், நுண்ணிய இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் வாங்குங்கள். சீட் தேய்ந்தால் வால்வு ஹெட்டுக்குள் மேலேறும், வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் டாப்பட் இடைவெளி குறையும். ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் தேய்கிறது என்று அர்த்தம். மாறாமல் நின்றால் உங்களுக்கு எந்த மருந்தும் வேண்டாம். தேய்வது உறுதியானால், ஹெட்டைக் கழற்றும்போது கடின சீட் போட்டுக்கொள்வதுதான் நிரந்தரத் தீர்வு. அதுவரை மாற்று மருந்து ஊற்றுவதானால் ஒரே ரகத்தையே ஊற்றுங்கள், ஒன்றோடொன்று கலக்காதீர்கள்.

உங்கள் வண்டியிலும் அந்த டாப்பட் இடைவெளியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி இறுகிப்போனாலும் ஸ்டார்ட்டிங் சிரமம், அணைந்து போவது எல்லாம் வரும். மைலேஜ் குறைந்ததற்கு ஏர் ஃபில்டர், டயர் காற்று, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் என்று கிளீனருக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்கள் நிறைய. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, அதாவது ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. அதற்கும் கிளீனர் ஒன்றும் செய்யாது.

பழைய பெட்ரோலை வடித்து, புதுப் பெட்ரோலில் சரியான அளவு கிளீனர் கலந்து ஒரு டேங்க் ஓட்டிய பிறகும் சோக் இல்லாமல் வண்டி நிற்காமல் ஓடவில்லை என்றால், இரண்டாவது பாட்டில் வாங்காதீர்கள். 'பைலட் ஜெட்டைக் கழற்றி, சுத்தம் செய்து, என் கண் முன்னால் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள்' என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். துளைக்குள் குண்டூசியோ கம்பியோ விட விடாதீர்கள். பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். கரைப்பானில் ஊற வைத்துக் காற்றடித்தால் போதும். அடுத்த முறை நீண்ட நாள் நிறுத்தி வைக்க நேர்ந்தால், பெட்ரோல் காக்கை மூடி, பவுலை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.