மொறிஸ் மைனர் பிக்கப்: முன்பக்கத்துக்கு எது சரி?

தம்பி, தலவாக்கலையிலிருந்து மரக்கறி ஏற்றி இறங்கும்போது முன்பக்கம் குத்துகிறது, வளைவில் அலைகிறது, கொயில் ஸ்பிரிங் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மைனரின் முன் பாரத்தைத் தாங்குவது நீளவாக்கில் கிடக்கும் டோர்ஷன் பார், அதாவது முறுங்கி ஸ்பிரிங் போல வேலை செய்யும் இரும்புக் கம்பி. அது சுமையைத் தரைக்கடியிலுள்ள குறுக்குச் சட்டத்துக்குக் கொண்டுபோகிறது. கொயில் போட்டால் முழுப் பாரமும் மட்கார்ட் பக்கத் தகட்டில் ஏறும், அது அதற்குச் செய்ததல்ல.

டெலஸ்கோப்பிக் சொக் (குழாய் வடிவ அதிர்வு தாங்கி) கிட் போடலாம், நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய லீவர் ஆர்ம் சொக்கைக் கழற்றி எறியச் சொல்லும் பாஸ்மார் இருக்கிறார்கள், கவனம்! அதன் கைதான் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் இணைப்பு. சாதாரண கிட்டில் அது அப்படியே இருக்க வேண்டும், ஒயிலோடு.

அதற்கும் முன்னால் டிரனியனை, அதாவது முன் சக்கரம் திரும்பும் புரியுள்ள மூட்டைப் பாருங்கள். ஜக்கில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆடினால் அலைச்சலுக்குக் காரணம் அநேகமாக அதுதான். புரி தேய்ந்த கீழ் டிரனியன் கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். றம்பொடை வளைவில் அது நடந்தால் யோசித்துப் பாருங்கள். கிறீஸ் அடிக்கும்போதும் சக்கரத்தைத் தூக்கியே அடியுங்கள், பாரம் இருந்தால் உள்ளே ஏறாது.

முன்பக்கம் தாழ்ந்திருந்தால் டோர்ஷன் பாரின் பற்களை நகர்த்தி உயர்த்தலாம். இடது வலது மாற்றிப் போடாதீர்கள். அப்புறம், 1962க்கு முந்தைய வண்டி என்றால் முன் பிரேக் டிரம் 7 அங்குலம்தான். சொக்குக்கு வைத்திருக்கும் காசை முதலில் 8 அங்குல டிரம்முக்குப் போடுங்கள்.