யானைக்கால் நோய் இல்லாத எனக்கு எதற்கு எட்டு மாத்திரை?

கேள்வி: எனக்கு வயது 61, சொந்த ஊர் கடலூர். இப்போது நாக்பூரில் மகன் வீட்டில் இருக்கிறோம். யானைக்கால் தடுப்பு மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வந்தார்கள். ஊரில் கொடுத்தபோது டி.இ.சி. மூன்றும் பூச்சி மாத்திரை ஒன்றும்தான். இங்கே உயரத்தை அளந்துவிட்டு எனக்கு எட்டு மாத்திரை என்கிறார்கள். வீட்டில் யாருக்கும் அந்த நோய் கிடையாது. எனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மருமகள் ஐந்து மாத கர்ப்பம். பேத்திக்கு 4 வயது. மாத்திரை சாப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று ராத்திரியே காய்ச்சல். நாங்கள் சாப்பிடலாமா? இத்தனை வருட ஆராய்ச்சிக்குப் பிறகும் புழுவை ஒரேயடியாகக் கொல்ல ஒரு மருந்து கிடைக்கவில்லையா? ஊரில் இருக்கும் என் அக்காவுக்கு 20 வருடமாகக் கால் வீக்கம். அவருக்கு இது கேட்குமா?

பதில்: நீங்கள், உங்கள் மனைவி, மகன் மூவரும் சாப்பிடுங்கள். மருமகள் இப்போது எதையும் சாப்பிடக் கூடாது. பேத்திக்கு மூன்றில் இரண்டு மருந்து மட்டும்.

முதலில் அந்த எட்டின் கணக்கு. டி.இ.சி. என்ற யானைக்கால் புழு மருந்து வயதைப் பார்த்துக் கொடுப்பது: 2 முதல் 5 வயது வரை 100 மி.கி. மாத்திரை ஒன்று, 6 முதல் 14 வரை இரண்டு, 15 முதல் மூன்று. நீங்கள் சொல்லும் பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் 400 மி.கி. எல்லோருக்கும் ஒன்றே. புதிதாகச் சேர்ந்திருப்பது ஐவர்மெக்டின். அதை உடல் எடைக்கு ஏற்பத்தான் கொடுக்க வேண்டும். வீடு வீடாக எடை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் உயரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 90 முதல் 119 செ.மீ. வரை 3 மி.கி. மாத்திரை ஒன்று, 120 முதல் 140 வரை இரண்டு, 141 முதல் 158 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. நீங்கள் 158ஐத் தாண்டியவர் என்பதால்தான் மூன்றும் ஒன்றும் நான்குமாக எட்டு வந்திருக்கிறது. எண்ணிக்கை மிரட்டுகிறதே தவிர, இது அதிக டோஸ் இல்லை. பலர் கையில் எட்டைப் பார்த்ததும் பயந்து பாதியைச் சாப்பிட்டு மீதியை ஒளித்து வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் மருந்தின் சிரமம் மட்டும் கிடைக்கும், பலன் கிடைக்காது.

வெறும் வயிற்றில் வேண்டாம். இட்லியோ சோறோ சாப்பிட்டுவிட்டு, கொடுக்க வந்தவர் முன்னாலேயே முடித்துவிடுங்கள். அல்பெண்டசோலைக் கடித்து மென்று சாப்பிட வேண்டும். பேத்திக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், முழு மாத்திரை சிறு குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். 5 வயது ஆகாததால் அவளுக்கு ஐவர்மெக்டின் கிடையாது. உங்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வழக்கம்போலத் தொடருங்கள். அவை கட்டுப்பாட்டில் இருந்தால் இதற்குத் தடையில்லை. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், இதய நோய் தீவிரமாக உள்ளவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

நோய் இல்லாதவருக்கு மருந்து எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். யானைக்கால் புழுவை உடம்பில் வைத்திருக்கும் பெரும்பாலானோர் பார்க்க நன்றாகத்தான் இருப்பார்கள். வளர்ந்த பெண் புழு நூல் மாதிரி 8 முதல் 10 செ.மீ. நீளம். திசுக்களில் கசியும் நீரை வடித்து ரத்தத்துக்குத் திருப்பும் நிணநீர் நாளத்துக்குள் ஆணோடு பின்னிக்கொண்டு சராசரியாக 5 முதல் 7 வருடம் உயிரோடு இருக்கும். அது போடும் குஞ்சுப் புழுக்கள் கால் மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். ராத்திரியில்தான் மேல்தோல் ரத்தத்துக்கு வரும். நம் சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸ் கடிக்கும் நேரமும் அதுதான். அந்தக் கொசு வழியாகத்தான் புழு அடுத்தவருக்குப் போகிறது. பகலில் எடுத்த ரத்தத்தில் புழு இல்லை என்று வந்தால் அதை நம்ப வேண்டாம். ராத்திரி 10 மணிக்கு மேல் எடுத்துப் பார்க்க வேண்டும், அல்லது வளர்ந்த புழு ரத்தத்தில் விடும் ஆன்டிஜென் என்ற பொருளைக் காட்டும் பட்டைப் பரிசோதனை செய்ய வேண்டும். பட்டைக்கு நேரம் காலம் கிடையாது. விரல் நுனி ரத்தம் போதும்.

காய்ச்சலின் காரணமும் இதில்தான் இருக்கிறது. மருந்து போனதும் ரத்தத்தில் குஞ்சுப் புழுக்கள் கூட்டமாகச் சாகின்றன. செத்த புழுவை உடம்பு எதிர்க்கும்போது காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, தலைசுற்றல் வரும். புழு அதிகமாக இருந்தவருக்குத் தொந்தரவும் அதிகம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் அறியாமலே புழு இருந்திருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் அந்த மாத்திரை அவருக்குத்தான் மிகவும் தேவைப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் தொடங்கிச் சில நாளில் அடங்கிவிடும். பாராசிட்டமால், ஓய்வு, நிறையத் தண்ணீர் போதும். ஆண்களுக்கு விதைப்பையில் வலியோ சிறு கட்டியோ தோன்றலாம். அங்கே வளர்ந்த புழு சாகும்போது அப்படி வரும், டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம், நிற்காத வாந்தி என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி உங்கள் ஆராய்ச்சிக் கேள்வி. கையில் இருக்கும் மருந்துகள் குஞ்சுகளை நன்றாகக் கொல்கின்றன. தாய்ப் புழுவை முழுதாகக் கொல்வதில்லை. ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் கொடுப்பதன் காரணம் இதுதான்: தாய்ப் புழு வயதாகிச் சாகும்வரை அதன் குஞ்சுகள் கொசுவுக்குப் போகாமல் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டி.இ.சி. 1947இல் வந்த மருந்து. சோதனைக் குழாயில் புழு மேல் ஊற்றினால் பெரிதாக ஒன்றும் நடக்காது; உடம்புக்குள் நம் எதிர்ப்புச் சக்தியோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. ஐவர்மெக்டின் ஜப்பானில் சதோஷி ஓமுரா எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. அவருக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அது புழுவின் நரம்பிலும் தசையிலும் உள்ள குளோரைடு வாயில்களைத் திறந்து அதை முடக்குகிறது.

மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை பப்புவா நியூ கினியாவில் 182 பேரிடம் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவு: ஒரே ஒரு தடவை கொடுத்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, மும்மருந்து சாப்பிட்டவர்களில் 96 சதவீதம் பேரின் ரத்தத்தில் குஞ்சுப் புழு இல்லை, பழைய இரு மருந்து சாப்பிட்டவர்களில் 32 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 26,000க்கும் மேற்பட்டவர்களிடம் பாதுகாப்பையும் சோதித்தார்கள். அதில் இந்தியாவுக்கான இடம் கர்நாடகத்தின் யாத்கிர். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பரிந்துரைத்தது. இங்கே முதலில் தொடங்கிய மாவட்டங்களில் நாக்பூரும் ஒன்று. இரு மருந்து வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. இலங்கை டி.இ.சி.யையும் அல்பெண்டசோலையும் 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் கொடுத்தே 2016இல் ஒழிப்புச் சான்று பெற்றது. மும்மருந்தால் சுற்றுகளின் எண்ணிக்கை குறையும். ஊரில் போதுமான பேர் சாப்பிட்டால்தான் அந்தப் பலன். எல்லா நாட்டுக்கும் இது பொருந்தவும் பொருந்தாது. இன்னொரு புழுவால் வரும் ஆற்றுக் குருட்டு நோய் உள்ள ஆப்பிரிக்கப் பகுதிகளில் டி.இ.சி. கொடுத்தால் கண்ணே போகலாம். லோவா லோவா என்னும் ஆப்பிரிக்கப் புழு ரத்தத்தில் மிகுந்தவருக்கு ஐவர்மெக்டின் மூளையைப் பாதிக்கலாம்.

தாய்ப் புழுவைக் கொல்லும் மருந்து ஏன் தாமதமாகிறது? முதல் தடை, நம்மூர் யானைக்கால் புழுவை எலியில் வளர்க்க முடியாது. அதனால் மங்கோலிய ஜெர்பில் என்னும் பாலைவன எலி போன்ற விலங்குகளில் அதன் உறவுக்காரப் புழுக்களை வளர்த்துச் சோதிக்கிறார்கள். அங்கே வென்ற மருந்து மனிதரிடம் வெல்லும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, புழு செத்ததா என்று பார்ப்பதே சிரமம். ஆண்களின் விதைப்பையில் அல்ட்ராசவுண்ட் வைத்தால், விரிந்த நிணநீர் நாளத்துக்குள் புழுக்கள் ஓயாமல் நெளிவது திரையில் தெரியும். இதை ‘புழு நடனம்’ என்கிறார்கள். புழுக்கூடு இடம் மாறுவதில்லை. மருந்து கொடுத்துச் சில மாதம் கழித்து அதே இடத்தில் பார்த்தால், நடனம் நின்றிருக்கிறதா என்று தெரியும். பெண்களிடம் இப்படிப் பார்ப்பது அரிது.

மூன்றாவது தடை நேரம். இந்தப் புழுவுக்குள் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா குடியிருக்கிறது. அது இல்லாவிட்டால் புழு மலடாகிப் பிறகு சாகும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அந்தப் பாக்டீரியாவை அழிக்கிறது. ஆனால் 4 முதல் 6 வாரம் தினமும் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்டவர்களுக்கும் ஆகாது. ஒருவருக்குச் சிகிச்சையாகக் கொடுக்கலாம், ஊருக்கே கொடுக்க முடியாது. அந்த வாரங்களை நாட்களாகச் சுருக்கும் மருந்தைத்தான் தேடுகிறார்கள். வேறு பாதையில் எமோடெப்சைடு வருகிறது. ஜப்பானில் கமேலியா இலையில் வாழும் பூஞ்சையிலிருந்து பிறந்து, இப்போது பூனைகளின் குடற்புழுவுக்குப் பயன்படும் அதை, மனிதரில் முதலில் ஆற்றுக் குருட்டு நோய்க்குச் சோதிக்கிறார்கள். இவற்றில் எதுவும் இன்னும் வீட்டு வாசலுக்கு வரவில்லை. அதற்காகக் காத்திருந்து கையில் உள்ள எட்டை விடுவது தவறு.

அக்காவின் கால். 20 வருட வீக்கத்தை இந்த மாத்திரைகள் குறைக்காது. புழு போனாலும் சிதைந்த நாளம் திரும்பாது. டாக்சிசைக்ளின் வீக்கத்தைக் குறைக்குமா என்று இந்தியாவிலும் இலங்கையிலும் சோதித்ததில், காலைச் சுத்தமாகப் பராமரிப்பதைத் தாண்டி அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே பராமரிப்புதான் அவருக்கு மருந்து. தினமும் சாதாரண தண்ணீரிலும் சோப்பிலும் விரல் இடுக்கு, தோல் மடிப்பு எல்லாம் மெதுவாகக் கழுவி, விடும் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. இடுக்கில் வெள்ளையாக ஊறியிருந்தால் பூஞ்சைக் களிம்பு; சேற்றுப்புண் வழியாகத்தான் கிருமி நுழைகிறது. உட்காரும்போது காலைத் தூக்கி வைத்துக் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கட்டும். செருப்பு இல்லாமல் நடக்க வேண்டாம், பச்சிலைப் பற்றும் வேண்டாம். தொடை இடுக்கில் நெறி கட்டிக் காய்ச்சலோடு கால் சிவந்து வலித்தால், அன்று உடற்பயிற்சி, நீவுதல், வெந்நீர் ஒத்தடம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஈரத்துணி போட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போய் ஆன்டிபயாடிக் வாங்க வேண்டும். பேசின், டவல், சோப்பு, களிம்பு அடங்கிய பராமரிப்புப் பெட்டியைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

மருமகளுக்குப் பிரசவம் ஆன பிறகு வரும் சுற்றில் கொடுக்கலாம். குழந்தை பிறந்த முதல் வாரத்தில் மட்டும் ஐவர்மெக்டின் கூடாது.